நீ மாற்றாத கீப்பர்

நேற்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டார். பஸ் முழுக்க அந்த நெடி. மற்றவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் முழங்கால் தைலத்தின் அந்த வாசனையை நான் மறந்தே போயிருந்தேன்.

கல்கத்தாவில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடியவன் நீ. நம் ஊரில் அப்படி வேறு எவனும் கிடையாது. எண்பதுகளின் நடுவில் முழங்கால் போனதும் கிளப் உன்னை அனுப்பிவிட்டது. தகரப் பெட்டியோடு ரயிலடியில் வந்து இறங்கினாய். நம் டீமின் தலைவர், ரைஸ் மில்காரர், உன்னைக் கோச்சாகப் போட்டு, பிழைப்புக்கு மில்லிலேயே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரே தெருவில் சேர்ந்து பந்து உதைத்தவன் எனக்குக் கோச்சா என்று சிரிப்பு வந்தது. முதல் நாளே ஓடவிட்டு அந்தச் சிரிப்பை நிறுத்தினாய், பாவி.

அந்தக் காலத்து டோர்னமெண்டில் ஒரு வழக்கம். செமிஃபைனல் வரை உள்ளூர்க்காரன் ஆடுவான். பைனலுக்கு மட்டும் மெட்ராஸிலிருந்து ‘கெஸ்ட்’ ஆட்டக்காரன் வந்து இறங்குவான். உள்ளூர்க்காரன் தோளில் துண்டோடு கோட்டுக்கு வெளியே உட்காருவான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. திண்டிவனம் பைனலுக்குத் தலைவர் கூட்டி வந்தது ஒரு கீப்பரை. அதாவது, என் இடத்துக்கு.

மரத்தடியில் நான் ஷூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

“இன்னாடா பண்ணிக்கினு இருக்க?” என்றாய்.

“அவரே நிக்கட்டும்டா. தலைவரை எதுக்குப் பகைச்சிக்கிற? புள்ளகுட்டிக்காரன் நீ.”

“பேசாம ஷூவ கட்டு.”

தலைவர் வந்தார். “தோத்தா, நாளைலருந்து மில்லு பக்கம் வராத” என்றார். சத்தம் போடவில்லை. நீயும் சத்தம் போடவில்லை. “சரிங்க. இதுவரைக்கும் நின்னவன் இவன்தாங்க. இன்னிக்கும் இவன்தான் நிப்பான்” என்றாய். கல்கத்தாவில் ஒரு பைனலில் உன்னையும் அப்படி வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு நாள் நீயே சொன்னாய்.

தோற்றோம். ஒரே கோல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், என் கைக்கு மேலே போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். காற்று என்றார்கள், ரெஃப்ரி என்றார்கள். நீ எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

“அது உன் கோலுதான்டா. கார்னருக்கு ரொம்ப சீக்கிரமா வெளிய வந்துட்ட. நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா, சரி பண்ணலாம்.”

“நாளைக்கு நீ கோச் இல்லடா” என்றேன்.

“மில்லுக்குத்தான வர வேணாம்னாரு. கிரவுண்டு இன்னா அவரு வூட்டு சொத்தா?”

சொன்னபடி காலையில் வந்தாய். வேலை போன மனுஷன், நொண்டிக்கொண்டே வெயில் ஏறும்வரை எனக்குக் கார்னர் அடித்தாய். முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உனக்குக் கோச் வேலை கிடைக்கும்வரை என் மனசு ஆறவில்லை.

இன்றைக்கும் யாராவது என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வருகிறது. சொல்வதில்லை. எனக்காக நீ உன் சோற்றையே வைத்து ஆடியவன். அதற்குப் பிறகு நானாக எப்படி ஒதுங்கிப் போவது?