ஊசி போட்ட கை

என்னங்க,

நேற்று போனில் பேசும்போது அத்தை பக்கத்தில் இருந்தார்கள். அதனால்தான் "பூஸ்டர் ஊசி போட்ட காய்ச்சல்" என்று சொல்லி முடித்துவிட்டேன். காய்ச்சல் இப்போது இல்லை.

வலது கை வலித்தால் வேலை ஓடாது என்று வார்டு நர்ஸுகள் எல்லோருமே இடது கையில்தான் போட்டுக்கொண்டோம். சிலருக்கு இடது அக்குளில் நெறிகட்டியது. "போட்ட பக்கம் கட்டும், தானா கரைஞ்சிடும்" என்று நான்தான் தைரியம் சொன்னேன். அவர்களுக்குக் கரைந்தும்விட்டது.

"இன்னா சிஸ்டர், உனுக்கும் கட்டிக்கினு கீதா?" என்று ஆயா முனியம்மாள் கேட்டாள். "ஆமா, ஊசிதான்" என்றேன்.

நாளை அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அத்தையிடம் பெசன்ட் நகர் மாதா கோயில் என்று சொல்லியிருக்கிறேன்.

அங்கே லீவு கேட்டுப் பாருங்கள். எனக்குக் கட்டியிருப்பது வலது பக்கம்.

உங்கள் வீட்டுக்காரி