ஈறு வைத்த மீன்தொட்டி

9-1-63
இன்று பல் டாக்டர் ஆவுடையப்பன் என்னை அறைந்தார். நோயாளிகள் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கண்ணாடி மீன்தொட்டியைக் கழுவும்போது விரிசல் விட்டுவிட்டது. "ஏலே, கையா அது?" என்றார். எட்டு வருடமாக அவர் கொடுக்கும் பல் செட்டெல்லாம் இந்தக் கை செய்தது. போர்டில் மட்டும் அவர் பெயர். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

12-1-63
பழனி ரோட்டில் அவருக்கு நேர் எதிரே அறை பிடித்தாயிற்று. பல் செட் நானே செய்து தருவேன். வாசலில் உடையாத மீன்தொட்டி வைப்பேன். அவரிடம் போகிறவர்கள் என் பெஞ்சில் உட்கார வேண்டும். பார்த்து அவர் வயிறு எரிய வேண்டும்.

22-1-63
மதுரையிலிருந்து அக்ரிலிக் தகடு வந்தது. பார்த்தால் கண்ணாடி, தட்டினால் பிளாஸ்டிக். அறுத்து, ஓரம் தேய்த்து, பல் செட்டுக்குக் குழைக்கும் பொடியையும் மருந்தையும் வைத்தே ஒட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அது ஈறு நிறப் பொடி! மூலையெல்லாம் ரோஸ். "தொட்டிக்கு எதுக்குங்க ஈறு? கடிக்கவா போகுது?" என்றாள் அங்கம்மாள். பெண்டாட்டி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

29-1-63
தண்ணீர் ஊற்றினால் முன்பக்கம் தொப்பை போடுகிறது. மூலையில் கசிவு வேறு.

5-2-63
நாளை கடை திறப்பு. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற கூட்டம் இந்த ரோட்டில்தான் போகும். தொப்பைக்கு மேலே குறுக்குப் பட்டை, கசிவுக்கு இன்னொரு பூச்சு — இரண்டும் இன்றுதான் முடிந்தன. சின்னாளபட்டிப் பழனியம்மாளின் செட்டும் இன்றுதான். என் பெயரில் முதல் செட். புதிதாகச் செய்ததை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மருந்து காரம் போனபிறகே கொடுக்க வேண்டும். தெரியும். இரண்டு நாளைக்கு எங்கே போவேன்? டாக்டர் முகம் நாளைக்கே சுருங்க வேண்டும்.

6-2-63
காலையில் பழனியம்மாள் செட்டை மாட்டிச் சிரித்துக்கொண்டே போனாள். தொட்டியில் எட்டு மீன் விட்டேன். கூட்டம் நின்று பார்த்தது. பத்து மணிக்கு ஒன்று மல்லாந்தது. மதியத்துக்குள் எட்டு மீனும். "மீனே தாங்கல, இவன்ட்ட வாயக் காட்டுறதா?" என்றார் ஒரு காவடிக்காரர். எதிர் ஜன்னலில் ஆவுடையப்பன். பார்த்துட்டான். எல்லாத்தையும் பார்த்துட்டான், பாவி. கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதும்போதுதான் உறைக்கிறது — பழனியம்மாள் வாயிலும் அதே மருந்துதானே?

7-2-63
முதல் பஸ்ஸில் சின்னாளபட்டி. பழனியம்மாள் தறிக்குப் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தாள். வாயில் பல் இல்லை.

"ஒரே எரிச்சல் அப்பு. நேத்துச் சாயங்காலமே உங்க கடைக்கு ஓடியாந்தேன், பூட்டிக் கெடந்துச்சு. எதுத்தாப்ல டாக்டர்ட்ட போனேன்."

தொலைந்தேன் என்று நினைத்தேன். "என்ன சொன்னாரு?"

"மருந்து தடவுனாரு. 'செட்டு நல்ல செட்டு. நம்மூர்ல வேற எவனும் இப்படிச் செய்ய மாட்டான். ரெண்டு நாளு தண்ணியில போட்டு வச்சு மாட்டிக்க, எதுவும்னா அவன்ட்டயே போ'ன்னாரு."

ஊரெல்லாம் தூற்றியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை அந்த மனுஷன்.

11-2-63
இன்று பெஞ்சில் இரண்டு பேர். டாக்டர் அனுப்பினாராம். அளவு எடுத்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

ஆத்திரம் அப்படியே இருக்கிறது. இனி அதை யார் மேல் காட்டுவது?