நாலாவது தாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இறைவன் அருளால் கப்பலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

நேற்று மாதா கோயில் பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பை, மூன்று ஓலைகளில் இரண்டாவதை, வாசித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மகள் தலை நிமிரவே இல்லை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதற்குள் உங்கள் கையில் இது கிடைக்க வேண்டும். வியாழக்கிழமை துறைமுகத்தில் கொடுத்துவிடுவதாகக் கப்பல் கம்பெனி ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

கல்யாணத் தயாரிப்பு வகுப்பில் உங்கள் இருவருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார்களே, தனித்தனியாக எழுதி மாற்றிக்கொள்ளச் சொல்லி! கல்யாணமே ஆகாத சாமியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் அவரிடமே கேட்டேன். மருந்துக்கடைக்காரர் எல்லா நோயும் வந்து பார்த்துவிட்டா விற்கிறார் என்று திருப்பிக் கேட்டார்.

அவள் எழுதி, உறையை ஒட்டி, கூரியரில் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். என் டைல்ஸ் கடையிலிருந்து எந்தப் பெட்டியும் நான் பிரித்துப் பார்க்காமல் போனதில்லை. உறையையும் பிரித்தேன். உள்ளே நாலு தாள். உங்களுக்கு வந்தது மூன்று.

கடைசித் தாளில் ஒரே கேள்விதான்: துணைவரிடம் உங்களைப் பயமுறுத்துவது எது? அதற்கு அவள் எழுதியதை வாசித்தபோது, நிச்சயமான சம்பந்தம் இதோடு முறிந்துவிடும் என்று பயந்துவிட்டேன். எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். உடைந்த சரக்கை நடுவில் மறைத்துக் கட்டி ஒருவனையும் ஏமாற்றாதவன் நான். உங்களிடம் அதைத்தான் செய்திருக்கிறேன்.

கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லை, அவளுக்கு என்னிடம் பயமில்லை போலிருக்கிறது என்று நீங்கள் சந்தோஷமாக எனக்கு எழுதியிருந்தீர்கள். இங்கே அவளோ அந்தத் தாளுக்கு உங்கள் பதில் வரும் என்று ஒரு மாதமாகக் காத்திருக்கிறாள். நீங்கள் போனில் பேசும்போது சாப்பாட்டையும் மழையையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். ஏன் கேட்கவில்லை என்று அவளுடைய அம்மா அதட்டியதற்கு, நான் எழுதிட்டேன்மா, படிச்சும் ஒரு வார்த்தை சொல்லலைன்னா அதுதானே பதில் என்றாளாம். மூன்றாவது ஓலையை நிறுத்தும்படி சாமியாரிடம் கேட்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். விடுமுறையில் ஒரு சின்னப் பேச்சுக்காக நீங்கள் நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்ததை எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இருப்பது என்னைப் பற்றி. அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேசமாட்டார், பக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் குழம்பு வேண்டும் என்று என்னிடம் சொல்லி அனுப்புவார், தூது போயே வளர்ந்தவள் நான், என் பிள்ளையும் தூது போகக்கூடாது என்று எழுதியிருக்கிறாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் ஒளித்தேன் என்று இவ்வளவு நாளும் என்னையே நம்ப வைத்திருந்தேன். அது உங்கள் மானமில்லை, மாப்பிள்ளை.

இதுவரை எழுதியதை உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளைக்கு எழுதிட்டீங்க, சரி, மாடியில இருக்கிறவகிட்ட யாரைத் தூது அனுப்பப் போறீங்க என்றாள். நான்தான் போக வேண்டும். உறையை ஒட்டியதும் போகிறேன்.

அவள் என் முகத்தில் விழிக்காமல் போனால் அது எனக்கு வேண்டியதுதான். நீங்கள் கரை இறங்கியதும் அவளைக் கூப்பிடுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தைச் சொல்லுங்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாலும் அதையும் அவளிடமே சொல்லுங்கள், என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள். எது சொன்னாலும் என் ஆசீர் உங்களுக்கு உண்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஐயா.

இப்படிக்கு,
மாமா என்று நீங்கள் கூப்பிட இன்னும் மனமிருந்தால்,
உங்கள் மாமா