ஓட்டுக்கூரைக்கு வெளியே

மதினி,

இன்று காலையில் ஒரு புது மண்கலயம் வீட்டுக்கு வந்தது. கோயில் சபைப் பெண்கள் இரண்டு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை இதில் போட்டு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். புயலில் கோயில் ஓடுகள் பறந்துபோய் இரண்டு வருடமாகிறது. மழை வந்தால் பீடத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டித்தான் பூசை நடக்கிறது. இந்தத் தடவை காங்கிரீட் போடப்போகிறார்களாம். பெண்களில் மூத்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. பிடியரிசி என்பது புதுச் சாமியாரின் யோசனை என்று பெருமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. சூளை வாசம் போகாத அந்தக் கலயத்தை வாங்கி அடுப்படி மூலையில் வைத்தேன். மத்தியானம் உலை வைத்தபோது அரிசியை அள்ளினேன், போடவில்லை. அந்த வாசம் மட்டும் வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்துத்தான் சொல்லவேண்டும். அப்படியானால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அண்ணனை அலை கொண்டுவந்து ஒதுக்கிய அன்று ஐப்பசி மழை விடாமல் பெய்தது. நம் கோயில் அப்போது பனையோலைக் கூரை. ஓலை மக்கி, மேலே வானம் தெரியும். அண்ணனை நடுவில் கிடத்தியிருந்தார்கள். கூரையிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரோ துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க விழுந்தது. நீங்கள் எழுந்துபோய் ஒரு சுளகை எடுத்துவந்து அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பூசை முடியும்வரை நின்றீர்கள். நான் வாங்கிப் பிடிக்க வந்தேன், தரவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம், பிள்ளை இல்லை. சாயல்குடியிலிருந்து உங்கள் அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். கண் மங்கிய அய்யாவையும் என்னையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது கோயில் வாசலில் பெண்களை நிறுத்தினீர்கள். அதுவரை உங்கள் குரலைப் பலபேர் கேட்டதே இல்லை. "செத்தவரு மூஞ்சியில ஒழுகுச்சு. இனிமே யாரு மூஞ்சியிலயும் ஒழுகக் கூடாது" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. மறுவாரம் வீட்டுக்கு ஒரு கலயம் கொடுத்தோம். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி. மீன் கிடைக்காத அன்று அரைப் பிடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீங்களும் நானும் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவோம். சேர்ந்த அரிசியை வேப்பிலை போட்டு நம் வீட்டு மரப்பெட்டியில் கொட்டிப் பூட்டுவீர்கள். சாவி உங்கள் இடுப்பில்.

அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு லேசாகிறது. பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்கூட உங்களுக்காகக் கதவைத் திறந்தன. எல்லோரையும்விட அதிகமாகப் போட்டவள் சலேத்தம்மா. மூன்றாவது வீடு. புருசன் வலைக்காரன். மூன்று பிள்ளை. "ஏத்தா, ஒரு பிடின்னா உங் கையளவு பிடியா, ஒங்க வீட்டுக்காரரு கையளவு பிடியா?" என்று நீங்கள் கேட்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் வீட்டில் எத்தனை நாள் நீங்கள் கஞ்சி குடித்திருக்கிறீர்கள், அவள் நம் வீட்டில் எத்தனை நாள்.

பெட்டியில் விழுந்த அரிசி மாதாவுடையது, அதில் ஒரு மணியை வெளியே எடுக்கக்கூடாது என்று, சாமியார் வராத நாளில் செபம் சொல்லும் உபதேசியார் கோயிலில் வைத்துச் சொல்லியிருந்தார். யாரும் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அப்போது யாருக்கும் அதை எடுக்கும் நினைப்பு இல்லை.

இடையில் எனக்கு அக்காள்மடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தது. மாப்பிள்ளையின் தாயார் பூசைக்கு வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பார்வை எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. ஓட்டுக்கூரைக்குக் கீழேதான் தாலி கட்டிக்கொள்வேன் என்று உங்களிடம் சொன்னேன். "ஒனக்காகவாவது பாஸ்குக்குள்ள போட்டுரணும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நான் பார்த்த விதமே மாறிப்போனது. அது என் கல்யாணப் பெட்டி மாதிரி.

அந்த வருடம் வாடைக்காற்று பிடித்தது பிடித்தபடி நின்றது. வள்ளம் இறக்க முடியவில்லை. வானமும் பொய்த்து, உள்ளூர்க்காடுகளில் நெல் இல்லை. வீடுகளில் கலயம் காலியாகவே இருந்தது. வாரக்கணக்கில் நாம் ஓலைப்பெட்டியை எடுக்கவில்லை. ஆனால் மரப்பெட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதை விற்று, ஆண்கள் வெள்ளிக்கிழமை மீன்பாட்டிலிருந்து ஒதுக்கிச் சேர்த்த பணத்தோடு கூட்டினால் ஓட்டுக்குப் போதும். ஓட்டைத் தாங்கப் பனங்கை வேண்டும். சாயல்குடியில் உங்கள் அண்ணன்மார் காட்டில் பனை உண்டு, கேட்டு வாங்கிவருகிறேன் என்று காற்று கொஞ்சம் தணிந்த ஒரு நாளில் உபதேசியாரோடும் அவர் மனைவியோடும் கிளம்பினீர்கள். புறப்படும்போது சாவியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தீர்கள். பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை.

நீங்கள் போன மூன்றாம் நாள் மத்தியானம் சலேத்தம்மா வந்தாள். கடைசிப் பெண் குழந்தை இடுப்பில் இருந்தது. இரண்டு வயது. வயிற்றோட்டம் என்றாள். அந்தக் குழந்தை அழாமல் இருந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். அவள் சுற்றிவளைக்கவில்லை. "ஒங்க மதினி பெட்டியில இருந்து ரெண்டு பிடி எடுத்துத் தா. இதுக்கு மட்டும் கஞ்சி வச்சுக்கிறேன்" என்றாள்.

சாவி என் இடுப்பில் இருந்தது மதினி. சேலைக்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டேன். என் வாயில் வந்தது இதுதான்: "சாவிய மதினி கொண்டுபோயிருச்சு. யாரு கேட்டாலும் ஒரு மணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

எனக்குக் கொடுக்க மனமில்லை என்று சொல்லியிருக்கலாம். உபதேசியார் மேல் போட்டிருக்கலாம். உங்கள் பெயரைச் சொன்னால் அவள் திரும்பக் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் நம்பமுடியாதவள்போல என் முகத்தையே பார்த்தாள். "ஒங்க மதினியா சொன்னா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டிலிருந்த பழைய சோற்று நீச்சத்தண்ணியில் ஒரு சொம்பு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். ஏதோ கொடுத்துவிட்டோம் என்று என் மனதும் ஆறிவிட்டது.

அதற்கு மூன்றாம் நாள் விடியலில் குழந்தை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போது சலேத்தம்மா அழவில்லை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். மாதாவுக்கு ஓடு போட என் பிள்ளையைக் கொன்றாள் என்றாள். நான் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் மறைத்திருந்தார்கள்.

மறுநாள் நீங்கள் வந்த தோணி கரையணைந்தது. பின்னால் பனங்கைகளைக் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருந்தீர்கள். தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று, சிரித்துக்கொண்டே எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டீர்கள். ஒருத்தியும் நகரவில்லை. கரையேறிய பிறகு ஒரு கிழவி சொன்னாள். நீங்கள் சொன்னதாக நான் சொன்னதை, வார்த்தை மாறாமல் உங்களுக்கே சொன்னாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தீர்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சாவியைக் கேட்டீர்கள். கொடுத்தேன். உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னேனே தவிர, எழுந்திருக்கவில்லை. நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"வழியெல்லாம் அந்தக் கூரையவே நெனச்சுக்கிட்டு வந்தேன். நான் இங்கன இருந்திருந்தா குடுத்திருப்பேனான்னு இப்ப யோசிக்கிறேன். தெரியல. தெரியாம எப்படி உன்னைய மட்டும் காட்டிக்குடுக்க?" பிறகு, "நீ வாழப்போற புள்ள. இது இப்படியே கெடக்கட்டும்" என்றீர்கள்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டீர்கள், கொடுத்திருப்பேனா என்று. நான் பதில் சொல்லவில்லை.

அரிசியை விற்றார்கள். தூத்துக்குடியிலிருந்து தோணியில் ஓடு வந்தது. கடற்கரையிலிருந்து கோயில்வரை ஊரே வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தோம். நீங்களும் நின்றீர்கள். உங்கள் பக்கத்தில் நின்றவள் உங்கள் கையிலிருந்து ஓட்டை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள். பாஸ்குக்கு முந்தின வாரம் கூரை முடிந்தது. செக்கச்செவேல் என்று, வள்ளத்திலிருந்து பார்த்தாலே தெரிந்ததாம். பாஸ்குப் பூசைக்கு எல்லோரும் உள்ளே போனார்கள். நீங்கள் பக்கவாசலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். சாமியார் பூசை முடிந்து வந்து ஏன் என்று விசாரித்தார். "வெளியவே நல்லாக் கேக்குது சாமி" என்றீர்கள்.

என் கல்யாணத்தன்று எனக்குத் தலைவாரிப் பூ வைத்து, கோயில் நடைவரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள். நடையில் கையை விட்டீர்கள். உள்ளே போ என்று கண்ணைக் காட்டினீர்கள். தாலி ஏறும்போது பக்கவாசல் வழியாக உங்கள் முக்காடு மட்டும் தெரிந்தது. நான் கேட்டபடி ஓட்டுக்கூரைக்குக் கீழேதான் கல்யாணம் நடந்தது.

அய்யா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் உங்களோடு இருக்க இங்கேயே வந்துவிட்டோம். ஒன்பது வருடம் மதினி. வெயிலோ மழையோ அந்த மணலில்தான் உட்கார்ந்தீர்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வீர்கள். அந்த ஈரத்திலேயே இருமல் வந்தது. மண்டபம் ஆஸ்பத்திரியில் காட்டினோம், நாள் கடந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். முதலில் மாமியார் இருந்தார். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது.

உங்களைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குள் கொண்டுபோனோம். நல்ல மழை. ஓடு ஒழுகவில்லை. சலேத்தம்மா மட்டும் வரவில்லை.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து நேரே அவளிடம் போனேன். கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சாவி என் இடுப்பில் இருந்தது, நீங்கள் எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள போன எட்டாம் நாள் என் வாசல்ல வந்து நின்னா" என்றாள். "கால்ல விழப் பாத்தா. வாளித் தண்ணிய எடுத்து மேல ஊத்துனேன். அப்பவும் சொல்லல." கையிலிருந்த மீனின் மணலைத் தட்டிவிட்டு, "அவ எனக்கு எத்தனையோ தடவ அள்ளிக் குடுத்தவ. அவ இருந்திருந்தா குடுத்திருப்பா. அவளே இல்லைன்னுட்டாளேன்னுதான் எனக்கு அம்புட்டு எரிஞ்சது" என்றாள்.

என்னை ஏசு, அடி என்று கெஞ்சினேன்.

"ஏசுறதுக்குன்னு எனக்கு ஒருத்தி இருந்தா. பத்து வருசமா ஏசிட்டேன். உன்னைய முதல்ல இருந்து ஏச எனக்குத் தெம்பில்ல. நீ போ" என்றாள். மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். அதன் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. புயலுக்கு அப்புறம் மகனோடு உச்சிப்புளிப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி.

நீங்கள் அடுப்படியில் கேட்டதற்கு அவள் சொன்னதுதான் பதில், மதினி. முப்பது நாள் பிந்தி வந்தது. ஆனால் எனக்கு அது நீங்கள் கேட்ட அன்றே தெரியும். சலேத்தம்மா கேட்டு நீங்கள் இல்லையென்று சொல்லியிருக்கமாட்டீர்கள். உபதேசியார் அல்ல, மேற்றிராணியாரே வந்து தடுத்தாலும் பெட்டியைத் திறந்திருப்பீர்கள். 'குடுத்திருப்பீங்க மதினி' என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிச் சொன்னால் பழி முழுவதும் என் பக்கம் வந்துவிடும். நீங்கள் பாதியை எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் நீங்கள் சாகும்வரை உங்களைச் சந்தேகத்திலேயே வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் பாதியும் என்னிடம்தான் இருக்கிறது. இறக்கிவைக்க ஆள் இல்லை.