நீ அனுப்பி வைத்த வீடுகள்

என் செல்லக் கஸ்தூரி,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிவிட்டது. பினாங்கில் வீடு விற்க வருகிறவர்கள் இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் என் அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். "கஸ்தூரி சொன்ன மதிப்பீட்டாளர் நீங்கதானே?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

நாம் பழகத் தொடங்கியது நினைவிருக்கிறதா? ஜார்ஜ்டவுனில் நான் தனியாக அலுவலகம் திறந்த புதிது. தீபாவளிப் பலகாரமும் பெயரட்டையுமாக வீட்டு ஏஜெண்டுகளைத் தேடி ஏறி இறங்கினேன். முறுக்கைச் சாப்பிட்டார்கள், வேலை அனுப்பவில்லை. நீ மட்டும்தான் கூப்பிட்டாய். அதுவும் ஒரு சந்தேகம் கேட்க.

"குத்தகை நெலம்லா இது. வருஷம் கொறஞ்சுகிட்டே போனா வீட்டோட வெலையும் கொறையுமா? சிரிக்காம சொல்லுங்க."

நான் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் விளக்கினேன். மறுநாள் இன்னொரு கேள்வி. இப்படியே இரண்டு மாதம் வெறும் கேள்விகள்தான். பிறகு ஒருநாள் தெலோக் பகாங் பக்கத்தில் ஒரு வீட்டை அளக்கச் சொல்லி ஆளை அனுப்பினாய். ஏன் என்னிடம் என்று கேட்டேன். "நீங்க போன எடுக்கிறீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்றீங்க. அது போதும்லா" என்றாய்.

ஆள் அனுப்பினால் உனக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டுப் பார்த்தாய். கமிஷனாக ஒரு வெள்ளிகூடக் கிடையாது, வேண்டுமானால் ரொட்டி சானாய் வாங்கித் தருகிறேன் என்றேன். அன்றைக்கு நீ மூன்று சாப்பிட்டாய். சாப்பிட்டு முடிக்கும்போது 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

அப்புறம் அந்த ஜெலுத்தோங் வீடு. வாங்க வந்தவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம் தம்பதி. விலை பேசி முடித்துவிட்டாய். பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறைக்கு மாநகர் மன்ற அனுமதி இல்லை, கூரையும் ஒழுகியது. வங்கிக் கடனுக்காக நான் மதிப்பிட்டுப் பார்த்தால், அந்த விலைக்கு அந்த வீடு தாங்காது. நீ நேரில் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாய்.

"கொஞ்சம் ஏத்திப் போடேன் சுமா. அதுங்க ரெண்டும் ஜன்னலுக்குத் துணிகூடப் பாத்துருச்சுங்க."

"நாளைக்கு அவங்களே விக்கப் போனா, அப்ப யாரு ஏத்திப் போடுவா?"

"எனக்காகக்கூட மாட்டியா?"

நான் அறிக்கையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நீ எழுந்து போய்விட்டாய். என் மதிப்பைப் பார்த்து வங்கி கடனைக் குறைத்தது, தம்பதி விலகிக்கொண்டார்கள். மூன்று மாதம் நீ என்னோடு பேசவில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அறிக்கையை அனுப்புவதற்கு முன் இரண்டு முறை திறந்து, ஏற்ற வழியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆனால் அந்தப் பின்னறையை விலை பேசும் முன்பே நாம் இருவரும் சேர்ந்து பார்த்திருக்கலாம். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. அது யார் தப்பு?

நீதான் முதலில் கூப்பிட்டாய். நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"சுமா, ஒரு வீடு. விக்கிறவரு சொல்ற வெல வானத்துல நிக்குது. நான் விளம்பரம் போடறதுக்கு முன்னால நீ வந்து பாத்து சொல்லு. வாங்குறவங்க அழறதுக்குப் பதிலா இவரு இப்பவே அழுதுரட்டும்லா."

நான் சிரித்தேன், கூடவே அழுதேன். அதன் பிறகு விளம்பரத்துக்கு முன்பே என்னைக் கூட்டிப்போகாமல் நீ எந்த வீட்டையும் எடுக்கவில்லை. மற்ற ஏஜெண்டுகளிடமும் சொல்லி வைத்தாய்: "சுமதி உங்க மனசு நோகத்தான் சொல்லுவா. ஆனா பேங்க்ல போய் மூக்கு ஒடையாது."

இப்போது உன் வீட்டுச் செய்தி. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். பாகான் டாலாம் வீட்டை விற்றுவிட்டு, மூத்தவளோடு போய் இருக்கலாம் என்று உன் வீட்டுக்காரர் முரளி அண்ணன் முடிவு செய்திருக்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அளவுக் கருவியோடு போனேன். முன்னறையை அளந்தேன், படுக்கையறைகளை அளந்தேன். சமையலறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சுவரில் எண்ணெய்க் கறை, பெயர்ந்த ஓடு. 'பராமரிப்பு: சுமார்' என்று எழுதவேண்டும். என்னால் முடியவில்லை கஸ்தூரி.

"அண்ணே, இந்த வீட்ட நான் பாக்கக் கூடாது. கூடுதலா போட்டுருவேன்."

"ஒன்னத்தானம்மா அவ நம்புனா. வேற யாருகிட்ட நான் போறது?"

பட்டர்வொர்த்தில் இருக்கும் இன்னொரு மதிப்பீட்டாளரின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதிகம் பழக்கமில்லாதவர், கறாரானவர். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "கஸ்தூரியும் இப்படித்தான் யாரையாச்சும் கைகாட்டி விடுவா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பிழைக்கத் தெரியாதவள் என்றா?

வியாழக்கிழமை காலை அந்த மதிப்பீட்டாளர் வருகிறார். அண்ணன் தனியாக இருக்கவேண்டாம் என்று நானும் போகிறேன். அவர் சமையலறையைப் பற்றி என்ன எழுதினாலும், எந்த விலையைச் சொன்னாலும், குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைகளுக்கு என்றும் சித்தி,
சுமதி