சோழவரத்தில் நான் ஓட்டி முடித்த பந்தயம்

நேற்று கும்மிடிப்பூண்டி போகிற பஸ்ஸில் இருந்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் மேம்பாலத்தில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார், வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தக் கருகல் வாசனை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார், எங்கனா வயரு எரியுதா?" என்று கேட்டார். "இல்லைங்க, கிளட்ச் லைனிங்" என்றேன். வீட்டுக்குத் திரும்பியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நினைவிருக்கிறதா, நாம் செய்த அந்தக் குட்டிப் பந்தய வண்டியில், நம் கோ-கார்ட்டில், இந்த வாசனை வந்தால் நீ எப்படித் துள்ளுவாய் என்று? "நிறுத்துடா, கிளட்ச்சில எண்ணெய் இறங்கியிருக்கு, வழுக்கறது!" என்று கத்திக்கொண்டே ஓடி வருவாய். ஓட்டிக்கொண்டிருக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது. வேகம் குறைகிறதே என்று இன்னும் மிதித்துக்கொண்டிருப்பேன்.

திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாளுக்குப் பூஜை. ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னக் கோயில்தான் உங்கள் உலகம். எங்களுக்குச் சோழவரம் ஏரிப் பாசனத்தில் நெல். படிப்பு முடிந்து இருவரும் செங்குன்றத்தில் ஆயில் எஞ்சின் ரிப்பேர் செய்கிற பட்டறையில் சேர்ந்தோம். உன் அப்பாவுக்கு வயதாகிறவரை உனக்குக் கோயிலில் முழு வேலை இல்லை. அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று விட்டிருந்தார். ஆனாலும் அதிகாலைத் திருமஞ்சனத்துக்கு நீ தவறியதில்லை. மூலவருக்குத் தீர்த்தம் வார்த்துவிட்டு, ஈரக் குடுமியோடு பஸ் ஏறி வந்து கிரீஸில் கை வைப்பாய். அந்த இரண்டும் உனக்கு இரண்டு வேலைகளாகவே தோன்றியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. பந்தய நாட்களில் சோழவரம் கார்ப் பந்தய டிராக்கின் இரைச்சல் எங்கள் வயல்வரை கேட்கும். பட்டணத்துப் பையன்கள் கோ-கார்ட் கொண்டுவந்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு நாமும் ஒன்று செய்தோம். தண்ணீர்க் குழாயை வளைத்துச் சட்டம், பழைய பம்பு எஞ்சின், லாரி ஏறி நசுங்கிய ஒரு மொபெட்டிலிருந்து கிளட்ச். அதை எனக்குப் புரியவைக்க நீ இரண்டு கைகளையும் நெஞ்சோடு ஒட்டிவைத்துக் காட்டினாய்: "எஞ்சின் மெதுவா ஓடறச்சே கிளட்ச் உள்ளே இருக்கற ரெண்டு கட்டையை, ஷூம்பா, ஸ்பிரிங் இப்படி இழுத்துப் பிடிச்சுண்டிருக்கும். வேகம் கூடினா விரிஞ்சு போய் டிரம்மைக் கவ்வும். டிரம் சுத்தினா செயின் சுத்தும், செயின் சுத்தினா நீ பறப்பே." சொல்லி முடித்தபோது உன் கைகள் பட்டறை முழுக்க விரிந்திருந்தன. பட்டறைக்காரர் சிரித்தார்.

சோழவரத்தில் நாம் முதன்முதலாகக் கலந்துகொண்ட பந்தயத்தன்று காலையில் செயின் தொய்ந்திருந்தது. இறுக்கினாய். நேராக ஓடுகிறதா என்று பார்க்க, பின்பக்கத்தைக் கல்மேல் தூக்கி வைத்து எஞ்சினைப் போட்டோம். நான் சீட்டில் இருந்தேன், கால் பெடலில் இல்லை. எஞ்சின் மெதுவாகத்தான் ஓடியது, செயின் அசையாமல் நின்றது. அதன்மேல் வழிந்த எண்ணெயை நீ துணியால் துடைத்தாய். அப்போது கிளட்ச்சுக்குள் ஒரு ஸ்பிரிங் அறுந்தது. ஷூ டிரம்மைக் கவ்வ, செயின் ஓட, துணியோடு உன் வலது கை பல்சக்கரத்துக்குள் போனது.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன.

நம்மோடு கார்ட்டை ஏற்றி வந்த லாரி டிரைவர் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். "ஏறுய்யா, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றார். நானும் ஏறப் போனேன். நீ என்னைத் தள்ளினாய்.

"நீ எங்கே வரே? போய் ஓட்டு."

"இன்னாடா பேசறே? கையைப் பாரு!"

"என் கையை டாக்டர் பார்த்துப்பார். ஸ்பிரிங் போனா என்ன, கிளட்ச் பிடிச்சபடியே இருக்கும், நாலு பேரைத் தள்ளிவிடச் சொல்லு, எஞ்சின் பிடிச்சுக்கும். நடுவில மட்டும் நிறுத்தாதே. போடா."

போனேன். தள்ளிவிட்டார்கள், ஓட்டினேன். நீ கட்டிய கிளட்ச், ஸ்பிரிங் இல்லாமலும் கடைசிவரை பிடித்தது. கடைசி வளைவில் ஒருவன் உள்பக்கமாக முந்த, இரண்டாவதாக வந்தேன். கார்ட்டை விட்டு இறங்கியபோது என் மனதில் முதலில் வந்தது, 'சே, முதலிடம் போச்சே' என்பதுதான். உன் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. யாருக்கும் தெரியாத அந்த ஒரு கணத்தை எனக்கு மறக்கத் தெரியவில்லை.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா உட்காரச் சொல்லி, இலையில் புளியோதரை வைத்தார். உடம்பில் ஊனம் பட்டவர் மூலவரைத் தொடக் கூடாது என்பது உங்கள் வழக்கம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "இனிமே இவன் உள்ளே போக முடியாது. சின்னவன் பார்த்துப்பான்" என்றார், ஏதோ மழை வரவில்லை என்று சொல்வதுபோல. பிறகு கேட்டார்: "ஆமாம், நீ ஜெயிச்சியோ?"

"இல்லை சாமி. ரெண்டாவது."

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு நான் வரவில்லை. பட்டறையை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போனேன். நீ இரண்டு தடவை தேடி வந்தாய்; இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஒரு தடவை திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்துவிட்டு, வராத பஸ்ஸுக்கு ஓடுவதுபோல ஓடினேன்.

அறுவடை முடிந்த ஒரு நாள், டயர் வண்டியில் கார்ட்டை ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் களத்துக்கே வந்து இறங்கினாய். "இன்னாடா, ஊட்டுல இருந்துக்கினே இல்லேன்னு சொல்லச் சொல்றியா?" என்று எங்கள் பேச்சிலேயே என்னைக் கேட்டாய். செயினுக்கு இரும்புத் தகட்டில் மூடி போட்டிருந்தாய். கிளட்ச்சில் புது ஸ்பிரிங்.

"செயினைச் சேர்க்கற இந்தக் குட்டி லாக்கு என் கையில நிக்க மாட்டேங்கறது. நீ மாட்டு. நான் ஓட்டறேன்."

லாக் இரண்டு முறை வைக்கோலில் விழுந்தது. தேடி எடுத்து மாட்டினேன். நிமிராமலே கேட்டேன், "கோயில் போச்சேடா?"

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றாய். "திருமஞ்சனம் ஆறச்சே வாசல்படிக்கு வெளியே நின்னு பார்க்கறேன். தம்பி தீர்த்தம் வார்க்கறான். என் கை தானா நீள்றது. ஆனா அதைச் சொல்லிக்கக்கூட நீ வரலையேடா. அதுதான் தாங்கலை."

அதற்கப்புறம் சில வருஷங்கள் நீ ஓட்டினாய், நான் கிளட்ச் கழற்றி மாட்டினேன். நீ மோசமான டிரைவர். ஒரு கோப்பையும் வாங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்தபோது மெயின்டனன்ஸில் சேர்ந்து, அங்கேயே முடி நரைத்தாய். ஒன்றாகக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டோம், ஒன்றாகக் கிழவர்களானோம். நீ என்னை மன்னித்தாயா என்று கேட்டதில்லை. மன்னிக்க என்ன இருக்கிறது என்பாய், தெரியும்.

ஆனால் ஒன்று. அன்று களத்தில் நீ சொன்ன பிறகும், அத்தனை வருஷத்தில் ஒரு விடியற்காலையில்கூட நான் கோயிலுக்கு வந்து உன் பக்கத்தில் நிற்கவில்லை. நீ தனியாக வெளியே நிற்பது தெரிந்தும் வரவில்லை. நீ கூப்பிடவில்லை, கூப்பிடட்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். உன் தம்பி தளர்ந்த கையால் தீர்த்தம் வார்க்கிறார், நான் படிக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வரச் சொல்லி அவர் கூப்பிடுகிறார். பெருமாளிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.