ஒற்றைக் கொடுக்கு நண்டு

கல்லறைக் கல் ஏன் இன்னும் வைக்கவில்லை என்றால், கல் செதுக்குகிறவர் மேல் குற்றமில்லை ஷைனி, நான்தான் நிறுத்தி வைத்தேன். முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். நீ அனுப்பிய வாசகத்தை நாலு தடவை படித்தேன். அன்புக் கணவர், அருமைத் தந்தை, எண்ணூர்க் கழியை ஆண்ட வலைவீச்சுக்காரர். மேலே ஒரு வலைப் படம். நான் முதல் இரண்டு சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

காரணம் வலைதான். அப்பா போய் மூன்று மாதம் கழித்து, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அதைக் கோணியிலிருந்து எடுத்தேன். ஈய குண்டுகள் கடையில் வாங்கியபடியே மின்னின. கண்ணிகள் விறைப்பாக, புதிதாக. உப்பு வாடையே இல்லை. காசிமேட்டில் பிறந்தவளுக்கு நனைந்த வலை தெரியாதா. பத்தொன்பது வருட ஞாயிறுகள். முதல் பூசை முடிந்ததும் வலையோடு போவார், மதியம் தொடை வரை சேற்றோடும் இரண்டு நண்டோடும் வருவார். கோணியை யாரும் தொடக்கூடாது, சிக்கு விழும் என்பார். நானும் தொட்டதில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே இருந்தார்? உன் அப்பா வெளியிலேயே வாழ்ந்தவர். மார்கழிப் பனியிலும் மொட்டை மாடியில் படுக்கை. நீ பிறந்த மழையில் ரயில் நின்றுவிட, மீஞ்சூரிலிருந்து தண்டவாளத்தோடு நடந்தே ராயபுரம் வந்து உன்னைப் பார்த்தவர். வூட்டுக்குள்ள மூச்சு முட்டுது எல்சி என்பார், நான் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வேன். இப்போது அதே வார்த்தை வேறு மாதிரி கேட்டது. தூக்கம் போயிற்று. சட்டைகளை மறுபடி மோந்து பார்த்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

போன மாதம் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பெண் கழி நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். நண்டைக் கட்டியிருந்தது பச்சை நைலான் கயிறு, இரண்டு சுற்று, முனை வயிற்றுக்கடியில் ஒளிந்திருக்கும், அதை இழுத்தால் மொத்தமும் அவிழும். அப்பாவின் கட்டு. துறைமுகத்தில் சரக்கு கட்டுகிறவன் கட்டு, ஊரில் வேறு யாருக்கும் வராது என்று உன்னிடம் பீற்றிக்கொள்வாரே, அதே கட்டு. யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை போலிருக்கிறது. இன்னாம்மா, நண்டு வாங்க வந்தியா, கட்டுக்குக் கேசு போட வந்தியா என்றாள். பெயர் ராமசெல்வி. ஸ்டானிஸ்லாஸ் தெரியுமா என்றேன். கையில் இருந்த நண்டைப் போட்டுவிட்டாள். அய்யோ, ஸ்டானி அண்ணனா, அஞ்சு மாசமா ஆளே வரலியேன்னு எங்க வூட்டுக்காரரு தேடிக்கினு கீறாரு, வூடு எங்கன்னுகூட சொன்னதில்லையே என்றாள். செய்தியைச் சொன்னேன். அழுதாள். எப்படி அழுகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்ற சொல்லையும் எடை போட்டேன்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். அண்ணனுக்கு வல வீசவே வராதும்மா, மொத நாளு வலையோட சேந்து அவரும் தண்ணில வுழுந்தாரு, அதோட கோணியப் பிரிச்சதே இல்ல, இந்தக் கட்டுகூட நான் கத்துக் குடுத்ததுதான் என்றாள். சேற்றில் இறங்கி அவர்கள் படகைத் தள்ளுவாராம், தண்ணீர் இறைப்பாராம், அலையாத்தி மர நிழலில் தூங்குவாராம். கிளம்பும்போது ஒரு கொடுக்கு உடைந்த நண்டாகத் தேடி இரண்டு எடுப்பாராம். முழு நண்டு கொடுத்தால் வேண்டாமாம். சண்ட போட்டு நான்தான் ஒடச்சேன்னு எம் பொண்ணாண்ட சொல்லணும், வாயப் பொளந்துகினு கேக்கும் என்று சிரிப்பாராம்.

உடனே நம்பவில்லை. அடுத்த ஞாயிறு முழங்கால் வலியோடு எண்ணூர்க் கழிக்கரைக்குப் போய் அவள் புருஷன் சுடலைராஜைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒரு சொல் மாறவில்லை. விழுந்ததை நடித்தே காட்டினான், கைகளை விரித்துக்கொண்டு, அப்பாவைப் போலவே. அங்கேதான் சிரித்தேன். நீ ஏழு வயதில் அந்த உடைந்த கொடுக்கைத் தொட்டுத் தொட்டு, வலிச்சிருக்குமாப்பா என்று கேட்டது ஞாபகம் வந்தது. இனி அவர் சொன்ன ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும், மீஞ்சூரிலிருந்து நடந்து வந்தது உட்பட.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. ராச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் மறக்காமல் கூப்பிடு, ஃபோனை அவர் பக்கத்தில் வைக்கிறேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
எல்சி

இதை எழுதி முடித்துக் கல் செதுக்குகிறவரிடம் போனேன். வலைவீச்சுக்காரர் என்ற வரியை அடித்துவிடச் சொன்னேன். அன்புக் கணவர் இருக்கட்டும் என்றேன். வலை இருந்த இடத்தில் ஒரு நண்டு போடச் சொன்னேன். அவர் இரண்டு கொடுக்கு வரைந்தார். பக்கத்தில் நின்று ஒன்றை அழிக்க வைத்துவிட்டு வந்தேன்.